செண்டுமல்லிக்கு உரமிடும் முறை: செடி செழித்தால் மட்டும் போதாது, பூ வேண்டும்

செண்டுமல்லித் தோட்டத்தில் சில சமயம் ஒரு விந்தையைக் காணலாம். செடி இடுப்பளவு வளர்ந்து, கரும்பச்சை நிறத்தில் கண்ணைக் கவரும். வரப்பில் நின்று பார்ப்பவர் எல்லோரும் பாராட்டுவார்கள். ஆனால் பூ பறிக்கக் கூடையுடன் இறங்கினால் கூடை நிறையாது. பக்கத்துத் தோட்டத்தில் முழங்கால் அளவே உள்ள செடிகள் மொட்டும் பூவுமாகக் குலுங்கிக் கொண்டிருக்கும். விதை ஒன்று, தண்ணீர் ஒன்று, நட்ட நாளும் ஒன்று என்றாலும் விளைச்சலில் இவ்வளவு வேறுபாடு ஏன் என்று பார்த்தால், பெரும்பாலும் காரணம் யூரியா மூட்டையில்தான் இருக்கும்.

செண்டுமல்லி நான்கைந்து மாதத்தில் முடிந்துவிடும் பயிர். இதில் தவறிய உரத்தைப் பிறகு சரிசெய்துகொள்ள அவகாசம் இல்லை. ஆயுத பூசைக்கு வரவேண்டிய பூ பத்து நாள் தாமதமாக வந்தால், அந்தப் பத்து நாளில் சந்தை விலை சரிந்துவிடும். கால் ஏக்கரிலும் அரை ஏக்கரிலும் பூச்செடி வைத்துக் குடும்பச் செலவைப் பார்க்கும் சிறு விவசாயிக்கு இது சாதாரண நட்டம் அல்ல. எனவே எந்தச் சத்தை, எவ்வளவு, எப்போது இடவேண்டும் என்பதைக் காரணத்தோடு தெரிந்துகொள்வது அவசியம்.

பயிரின் இயல்பு

துலுக்கச் சாமந்தி என்றும், தென்மாவட்டங்களில் கேந்திப்பூ என்றும் அழைக்கப்படும் செண்டுமல்லிக்கு 'ஆப்பிரிக்க' என்ற அடைமொழி உண்டு. எனினும் இதன் தாயகம் மெக்சிகோ நாடு. தமிழ்நாட்டில் திண்டுக்கல், மதுரை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், கன்னியாகுமரி முதலிய மாவட்டங்களில் இது பரவலாகப் பயிராகிறது. உள்ளூர் மஞ்சள், ஆரஞ்சு வகைகளுடன் மதுரை 1 ரகமும், புதுதில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தின் பூசா நாரங்கி, பூசா பசந்தி ரகங்களும், தனியார் வீரிய ஒட்டு ரகங்களும் சாகுபடியில் உள்ளன. மாலைக்கும் பூசைக்கும் மட்டுமின்றி, இதன் இதழிலிருந்து எடுக்கப்படும் நிறமி கோழித் தீவனத்திலும் சேர்க்கப்படுகிறது. முட்டையின் மஞ்சள் கரு நல்ல நிறம் பெற இது உதவுகிறது.

ஆண்டு முழுவதும் பயிரிடலாம். நாற்றங்காலில் 30 நாள், நடவு வயலில் சுமார் 60 நாள், ஆக விதைத்ததிலிருந்து மூன்று மாதத்தில் பறிப்பு தொடங்கும். அதன்பின் மூன்று நாளுக்கு ஒருமுறை பறிக்கலாம். நல்ல பராமரிப்பில் ஏக்கருக்கு 7 டன் வரை பூ கிடைக்கும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் உரமிடும் காலம் எளிதில் விளங்கும். நட்ட முதல் மாதம் செடி வேரையும் தண்டையும் அமைக்கிறது. இரண்டாவது மாதம் கிளையையும் மொட்டையும் அமைக்கிறது. மூன்றாவது மாதம் முதல் பூவாகத் திருப்பித் தருகிறது. திருப்பித் தரும் காலத்தில் இடும் உரத்தைவிட, அமைக்கும் காலத்தில் கிடைக்கும் உரமே விளைச்சலை நிர்ணயிக்கிறது.

மூன்று சத்துக்களின் வேலை

தழைச்சத்து இலை, தண்டு, கிளை ஆகியவற்றின் வளர்ச்சிக்குத் தேவை. குறைந்தால் செடி வெளுத்துக் குட்டையாக நிற்கும். அளவுக்கு மேல் போனாலோ செடி இலை விட்டுக்கொண்டே இருக்கும். மொட்டு கட்டுவதைத் தள்ளிப்போடும். தண்டு நீர்ப்பிடிப்பாகி, மழைக்கும் காற்றுக்கும் சாய்ந்துவிடும். இளசான இலைகளைச் சாறு உறிஞ்சும் பூச்சிகளும் செஞ்சிலந்தியும் நாடி வரும். அடர்ந்த இலைகளுக்குள் காற்றோட்டம் இல்லாமல் இலைப்புள்ளியும் பூ அழுகலும் பரவும். உரத்துக்குச் செலவு செய்ததோடு நில்லாமல் மருந்துக்கும் செலவு செய்ய நேரிடும்.

மணிச்சத்து வேர் ஓடவும், மொட்டு கட்டவும் உதவுகிறது. இது மண்ணில் இட்ட இடத்தைவிட்டு அதிகம் நகராது. மேலே தூவிவிட்டால் மேலேயே தங்கிவிடும், வேருக்கு எட்டாது. ஆகையால் நடவுக்கு முன்பே வேர் போகும் இடத்தில் முழு அளவையும் இட்டுவிட வேண்டும். பூக்கும் தருணத்தில் டி.ஏ.பி.யைச் செடிக்கு மேல் தூவுவதில் அதிலுள்ள மணிச்சத்தின் பயன் மிகக் குறைவு. அதிலுள்ள தழைச்சத்தினால் ஏற்படும் பச்சையைப் பார்த்து உரம் வேலை செய்துவிட்டதாக எண்ணிவிடுகிறோம்.

சாம்பல் சத்து செடியின் நீர்ப்போக்கைச் சீராக்கி, தண்டுக்கு உறுதியளித்து, வறட்சியையும் நோயையும் தாங்கும் வலிமையைத் தருகிறது. பூ கெட்டியாக இருப்பதற்கும், பறித்த பின் சீக்கிரம் வாடாமல் இருப்பதற்கும் இச்சத்து வேண்டும். பல மணி நேரம் பயணம் செய்து சந்தை சேரவேண்டிய பூவுக்கு இது முக்கியம். பல சிறு தோட்டங்களில் பொட்டாஷ் உரத்தை அறவே விட்டுவிடுகிறார்கள். யூரியா அரசின் மானியத்தால் மலிவாகக் கிடைக்கிறது, இட்ட சில நாளில் பலன் கண்ணுக்குத் தெரிகிறது. பொட்டாஷ் விலை அதிகம், பலன் சந்தையில்தான் தெரிகிறது. விட்டுவிடுவதற்கு இதுவே காரணம்.

மண் பரிசோதனை

வடிகால் வசதியுள்ள செம்மண், வண்டல் கலந்த இருமண் நிலங்கள் ஏற்றவை. மண்ணின் கார அமிலத் தன்மை 7 முதல் 7.5 வரை இருப்பது நல்லது. நீர் தேங்கும் களிமண்ணில் எவ்வளவு உரமிட்டாலும் வேர் மூச்சுவிட முடியாமல் செடி மஞ்சளாகும்.

நடவுக்கு ஒரு மாதம் முன்பே மண் மாதிரி எடுத்துவிட வேண்டும். வயலில் 10 முதல் 15 இடங்களில், மேற்பரப்பில் உள்ள புல், சருகுகளை நீக்கிவிட்டு, 15 செ.மீ. ஆழத்துக்கு ஆங்கில 'வி' எழுத்து வடிவில் குழி வெட்டி, இரு பக்கச் சுவர்களிலிருந்தும் மேலிருந்து கீழாக மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரு பங்குகளை நீக்கி, இவ்வாறே குறைத்துக்கொண்டு வந்து அரைக் கிலோ மாதிரியை நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட்டு மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பலாம். எருக்குழி அருகிலும், வரப்போரத்திலும், மரநிழலிலும், அண்மையில் உரமிட்ட இடத்திலும் மாதிரி எடுக்கக்கூடாது.

2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தின் கீழ் அட்டை பெற்றவர்கள் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல் பயன்படுத்த வேண்டும். ஹெக்டேருக்குத் தழைச்சத்து 280 கிலோவுக்குக் கீழும், மணிச்சத்து 11 கிலோவுக்குக் கீழும், சாம்பல் சத்து 118 கிலோவுக்குக் கீழும் இருந்தால் அந்த நிலம் அச்சத்தில் குறைவானது. மணிச்சத்து 22 கிலோவுக்கு மேலும், சாம்பல் சத்து 280 கிலோவுக்கு மேலும் இருந்தால் வளமானது. குறைவான சத்தைப் பொதுச் சிபாரிசைவிடக் கால் பங்கு கூட்டியும், அதிகமாக உள்ள சத்தைக் கால் பங்கு குறைத்தும் இடுவது பொதுவான விதி. ஆண்டுதோறும் டி.ஏ.பி. இட்டுவரும் காய்கறித் தோட்டங்களில் மணிச்சத்து மிகுதியாகச் சேர்ந்திருக்கக்கூடும். அங்கே அட்டையைப் பார்த்தாலே ஒரு மூட்டை உரச்செலவு மிச்சமாகலாம்.

தொழு உரமே அடித்தளம்

கடைசி உழவின்போது ஏக்கருக்கு 10 டன் மக்கிய தொழு உரம் இடவேண்டும். வண்டிக்கு அரை டன் வீதம் கணக்கிட்டால் இது 20 வண்டி. நல்ல தொழு உரத்தில் தழைச்சத்து அரை சதம், மணிச்சத்து 0.2 சதம், சாம்பல் சத்து அரை சதம் இருக்கும். கணக்குப்படி 10 டன்னில் 50 கிலோ தழைச்சத்து உண்டு. எனினும் அது முழுவதும் முதல் பயிருக்குக் கிடைத்துவிடாது. சுமார் மூன்றில் ஒரு பங்கே முதல் போகத்தில் கிடைக்கும். மீதி அடுத்தடுத்த பயிர்களுக்குச் சிறிது சிறிதாக உதவும். மேலும் தொழு உரம் மண்ணின் நீர்ப்பிடிப்பைக் கூட்டுகிறது. இடும் இரசாயன உரம் வீணாகாமல் பிடித்து வைக்கிறது.

மக்காத சாணத்தை இடுவது நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்யும். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தாமே எடுத்துக்கொள்வதால் இளஞ்செடி வெளுத்துவிடும். கரையானும் வெள்ளைப் புழுவும் களை விதையும் கூடவே வரும்.

பத்து டன் எருவுக்கு வழியில்லாதவர்கள் இரண்டு உபாயங்களைக் கையாளலாம். கோடை மழையில் சணப்பு அல்லது தக்கைப்பூண்டு விதைத்து, பூ எடுக்கும் தருணத்தில், அதாவது சுமார் 45 நாளில் மடக்கி உழுதுவிடலாம். அல்லது இருக்கும் எருவை வயல் முழுவதும் இறைக்காமல், பார் போட்ட பிறகு நடவு செய்யும் பக்கத்தில் மட்டும் இட்டு மண்ணுடன் கலந்துவிடலாம். கைவசமுள்ள சிறிதளவு எரு வேர்ப் பகுதிக்கே கிடைக்கும்.

உயிர் உரங்களான அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா ஒவ்வொன்றிலும் ஏக்கருக்கு 200 கிராம் பொட்டலம் 4 வீதம் எடுத்து, 20 கிலோ சலித்த தொழு உரத்துடன் கலந்து, மண்ணில் ஈரமிருக்கும்போது இடலாம். இவை உயிருள்ளவை. இரசாயன உரத்துடன் கலந்து இட்டால் செத்துவிடும். வெயிலில் வைத்த பொட்டலமும், காலாவதியான பொட்டலமும் பயன்தரா.

நாற்றங்காலில் கவனம்

ஏக்கருக்கு 600 கிராம் விதை தேவை. வீரிய ஒட்டு விதையானால் முளைப்புத் திறனைப் பார்த்து, நாற்றின் எண்ணிக்கையைக் கணக்கிட்டு வாங்க வேண்டும். மேட்டுப்பாத்தி அமைத்து, சலித்த தொழு உரம் கலந்து, விதைக்கு அசோஸ்பைரில்லம் நேர்த்தி செய்து விதைக்கலாம். நாற்றங்காலுக்கு யூரியா போடும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. யூரியாவினால் உயர்ந்து மெலிந்த நாற்று நட்டவுடன் துவண்டுவிடும். 30 நாளில் குட்டையாக, தடித்த தண்டுடன் உள்ள நாற்றே சிறந்தது.

அடியுரம்

செண்டுமல்லிக்கு ஹெக்டேருக்கு 90 கிலோ தழைச்சத்து, 90 கிலோ மணிச்சத்து, 75 கிலோ சாம்பல் சத்து என்பது பொதுச் சிபாரிசு. ஏக்கருக்கு இது முறையே 36, 36, 30 கிலோ ஆகிறது. இதில் பாதித் தழைச்சத்தையும், மணி, சாம்பல் சத்துக்களை முழுவதுமாகவும் அடியுரமாக இடவேண்டும். மீதிப் பாதித் தழைச்சத்து மேலுரம்.

கடையில் கிடைக்கும் உரத்தைப் பொறுத்து ஏக்கருக்கான அடியுர அளவைக் கீழ்க்கண்ட மூன்று வழிகளில் ஒன்றைப் பின்பற்றிக் கணக்கிடலாம்.

முதல் வழி: யூரியா 39 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 225 கிலோ, பொட்டாஷ் 50 கிலோ.

இரண்டாம் வழி: டி.ஏ.பி. 78 கிலோ, யூரியா 9 கிலோ, பொட்டாஷ் 50 கிலோ.

மூன்றாம் வழி: 17:17:17 கலப்பு உரம் 100 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 119 கிலோ, பொட்டாஷ் 22 கிலோ.

கால் ஏக்கர் அதாவது 25 சென்ட் நிலத்துக்கு முதல் வழியின்படி யூரியா 10 கிலோ, சூப்பர் 56 கிலோ, பொட்டாஷ் பன்னிரண்டரைக் கிலோ போதும். வேறு உரம் கிடைத்தாலும் கலங்க வேண்டியதில்லை. மூட்டையின் மீது அச்சிட்டுள்ள மூன்று எண்கள் நூறு கிலோ உரத்தில் தழை, மணி, சாம்பல் சத்துக்கள் எத்தனை கிலோ என்பதைக் காட்டுகின்றன. தேவையான கிலோவை நூறால் பெருக்கி, அந்த எண்ணால் வகுத்தால் உரத்தின் எடை கிடைக்கும்.

யூரியா மூட்டையின் எடை 2018-ல் 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைக்கப்பட்டது. டி.ஏ.பி., சூப்பர், பொட்டாஷ் மூட்டைகள் 50 கிலோ. பழைய நினைவில் மூட்டைக் கணக்குப் போடாமல் கிலோக் கணக்கில் போடுவதே சரி.

சூப்பர் பாஸ்பேட்டைச் சுமப்பதும் இடுவதும் சிரமம்தான். எனினும் அதில் மணிச்சத்து 16 சதத்துடன், கந்தகம் 11 சதமும், சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்தே கிடைக்கின்றன. டி.ஏ.பி.யில் கந்தகம் இல்லை. கந்தகக் குறைவுள்ள செம்மண், மணற்பாங்கான நிலங்களுக்கு முதல் வழியே ஏற்றது. உப்பு நீர் பாயும் நிலங்களில் சாதாரண பொட்டாஷில் உள்ள குளோரைடு உப்பு மேலும் சேர்வதைத் தவிர்க்க, 50 கிலோ பொட்டாஷுக்குப் பதில் 60 கிலோ சல்பேட் ஆப் பொட்டாஷ் இடலாம்.

45 செ.மீ. இடைவெளியில் பார் அமைத்து, பாரின் நடவுப் பக்கத்தில் உரத்தைச் சீராக இட்டு, கொத்தி மண்ணுடன் கலந்து, தண்ணீர் பாய்ச்சி, பாரின் ஒருபுறம் 35 செ.மீ.க்கு ஒரு நாற்றாக நடலாம். உரக்கட்டி நாற்றின் வேரைத் தொடும்படி இருந்தால் வேர் கருகும்.

கிள்ளுதலும் மேலுரமும்

நட்ட 30-ஆம் நாள் நுனிக்கொழுந்தைக் கிள்ளிவிட வேண்டும். நுனி போனதும் பக்கக் கிளைகள் வெடிக்கின்றன. ஒவ்வொரு கிளையும் பூக்கும் இடமாகிறது. இந்தக் கிளைகள் நீளும் தருணத்தில்தான் செடிக்குத் தழைச்சத்தின் தேவை உச்சத்தில் இருக்கும். எனவே 45-ஆம் நாள் களை எடுத்து, ஏக்கருக்கு 39 கிலோ யூரியாவை மேலுரமாக இட்டு மண் அணைக்க வேண்டும். 25 சென்ட்டுக்கு 10 கிலோ.

45-க்கு 35 செ.மீ. இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 25,700 செடிகள் நிற்கும். 39 கிலோ யூரியாவைப் பகிர்ந்தால் செடி ஒன்றுக்கு வருவது ஒன்றரைக் கிராம், அதாவது மூன்று விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை. கைப்பிடியாக அள்ளி வைக்கும் தோட்டத்தில் எத்தனை மடங்கு கூடுதலாக விழுகிறது என்பதை இதிலிருந்தே அறியலாம். இவ்வளவு சிறிய அளவைச் சீராக இடுவது கடினம் என்றால், யூரியாவை அதைப்போல் இரு மடங்கு ஈரமண்ணுடன் கலந்து கொண்டு இட்டால் எல்லாச் செடிக்கும் சமமாகச் சேரும்.

யூரியாவை மேலே தூவிவிட்டு அப்படியே விடக்கூடாது. சுண்ணாம்புத் தன்மையுள்ள நிலத்தின் மேற்பரப்பில் கிடக்கும் யூரியா அம்மோனியா வாயுவாக மாறிக் காற்றில் போய்விடும். செடியிலிருந்து நான்கு விரல் தள்ளி இட்டு, உடனே மண்ணால் மூடி, அளவாகத் தண்ணீர் விடவேண்டும். 2015 முதல் யூரியா வேம்பு பூசப்பட்டே வருகிறது. இதனால் யூரியாவிலுள்ள தழைச்சத்து மண்ணில் மெதுவாக மாறி வேருக்குச் சற்று அதிக நாள் கிடைக்கும். ஆனால் மண்ணால் மூடும் வேலைக்கு இது மாற்று ஆகாது.

மணற்பாங்கான நிலத்தில் மேலுரத்தை இரண்டாகப் பிரித்து, கிள்ளிய பிறகு பாதியும், மண் அணைக்கும்போது பாதியும் இடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இருக்கும் பயிருக்கும் இதுவே பொருந்தும். நிலத்தில் நீர் தேங்கியிருக்கும்போது இடும் யூரியா ஓடும் நீருடன் போகும், அல்லது வாயுவாகிப் போகும். முதலில் வடிகால் வெட்டி நீரை வெளியேற்றி, மண் ஓரளவு காய்ந்த பின்னரே மேலுரம் இடவேண்டும்.

சொட்டுநீர்க் குழாய் உள்ளவர்கள் சூப்பர் பாஸ்பேட்டை அடியுரமாக மண்ணில் இட்டுவிட்டு, யூரியாவையும் நீரில் முழுதும் கரையும் பொட்டாஷையும் வாரப் பங்காகப் பிரித்துக் குழாய் வழியே விடலாம். மொத்த அளவு கூடக்கூடாது. பலமுறை பிரித்து இடுவதால் கிடைக்கும் ஆதாயமே, குறைந்த உரத்தில் அதே பலன் என்பதுதான்.

பறிப்பு தொடங்கிய பின் யூரியா வேண்டாம். பறிப்பின் நடுவே இலை வெளுத்தால் மட்டும் லிட்டருக்கு 10 கிராம் யூரியா வீதம் கரைத்து, பூ பறித்த நாளின் மாலையில் இலைமேல் தெளிக்கலாம்.

இலை சொல்லும் செய்தி

சத்துக் குறைவை இலையைப் பார்த்து அறிய எளிய வழி ஒன்று உண்டு. செடிக்குள் நகரும் சத்துக்கள் குறைந்தால் பழைய இலையில் அறிகுறி தோன்றும். பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்குச் செடி கொடுத்துவிடுவதே காரணம். நகராத சத்துக்கள் குறைந்தால் கொழுந்தில் தோன்றும்.

அடியிலைகள் சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. செடி குட்டையாக, இலை மங்கிய கரும்பச்சையாக, அடிப்புறம் ஊதாச் சாயலுடன் இருந்தால் மணிச்சத்துக் குறைவு. அடியிலையின் ஓரம் தீய்ந்ததுபோல் காய்ந்தால் சாம்பல் சத்துக் குறைவு. அடியிலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் மக்னீசியக் குறைவு. லிட்டருக்கு 10 கிராம் மக்னீசியம் சல்பேட் தெளிக்கலாம். கொழுந்திலை முழுவதும் வெளுத்தால் கந்தகக் குறைவு.

கொழுந்திலையில் நரம்பு மட்டும் பச்சையாக இருந்து மற்றப் பகுதி மஞ்சளானால் இரும்புச் சத்துக் குறைவு. சுண்ணாம்பு மண்ணில் இது சகஜம். அங்கே மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. காரத் தன்மையால் வேருக்குக் கிடைப்பதில்லை. ஆகவே இலைமேல் தெளிப்பதே சிக்கனம். 10 லிட்டர் நீரில் 50 கிராம் அன்னபேதி உப்பு, 10 கிராம் எலுமிச்சை உப்பு கலந்து, பத்து நாள் இடைவெளியில் இருமுறை தெளிக்கலாம். இலை சிறுத்துக் கணு நெருங்கினால் துத்தநாகக் குறைவு. 10 லிட்டர் நீரில் 50 கிராம் துத்தநாக சல்பேட்டுடன் 25 கிராம் நீர்த்த சுண்ணாம்பைக் கரைத்து, தெளிந்த நீரைத் தெளிக்கலாம். மண் பரிசோதனையில் துத்தநாகக் குறைவு தெரிந்தால் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலுடன் கலந்து நடவுக்கு முன் தனியாக இடலாம். சூப்பர் பாஸ்பேட்டுடன் கலந்தால் இரண்டின் பலனும் குறையும்.

நுண்சத்து நல்லது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு தெளிக்கக்கூடாது. செண்டுமல்லி இரும்பையும் மாங்கனீசையும் அளவுக்கு மேல் எடுத்துக்கொள்ளும் இயல்புடையது. அமிலத் தன்மையுள்ள மலைப்பகுதி மண்ணிலும், கார அமிலத் தன்மை 6-க்குக் கீழே போகும் தொட்டி மண்ணிலும் இலையில் வெண்கல நிறப் புள்ளிகள் தோன்றி இலை கருகும். பலர் இதை நோய் என்று எண்ணி மருந்தடிப்பார்கள். அல்லது சத்துக் குறைவு என்று மேலும் இரும்பு தெளிப்பார்கள். அங்கே செய்யவேண்டியது பரிசோதனைப்படி சுண்ணாம்பு இட்டு அமிலத் தன்மையைக் குறைப்பதுதான்.

உரத்தால் தீராத மஞ்சளும் உண்டு. இலையின் அடியில் நூலாம்படையும் நுண்புள்ளிகளும் இருந்தால் செஞ்சிலந்தி. செடியைப் பிடுங்கிப் பார்த்து வேர் கறுத்திருந்தால் வேரழுகல். பூ இதழ்கள் பச்சையாகி இலைபோல் மாறினால் அது பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் வரும் நோய். அச்செடியைப் பிடுங்கி அழிக்க வேண்டுமே அன்றி உரமிட்டுத் தேற்ற முடியாது.

நாளும் செலவும்

ஆயுத பூசை, தீபாவளி, பொங்கல், கேரளத்தின் ஓணம் ஆகிய நாட்களில் செண்டுமல்லிக்குத் தேவை அதிகம். ஓணத்துக்குத் தோவாளைச் சந்தையிலிருந்து பூ எல்லை தாண்டிப் போகிறது. விழா நாளிலிருந்து மூன்று மாதத்துக்குச் சற்று அதிகமாகப் பின்னோக்கி எண்ணி விதைக்க வேண்டும். அப்படிக் கணக்கிட்டு விதைத்தவரும் 55-ஆம் நாளில் ஆசைக்கு ஒரு மூட்டை யூரியா இட்டால், பூ விழாவுக்குப் பின் வரலாம்.

எல்லோரும் ஒரே நாளில் நட்டு ஒரே நாளில் பறிப்பதால் விலை வீழ்ந்து, பறிகூலிக்கும் கட்டாமல் பூவைக் கொட்டிவிடும் நிலையும் ஏற்படுகிறது. விலையை உயர்த்தும் உரம் எந்தக் கடையிலும் கிடையாது. சிறு விவசாயியால் முடிந்தது இரண்டு. நிலத்தை இரண்டு மூன்று பங்காகப் பிரித்து, 15 நாள் இடைவெளியில் நட்டு, இடர்ப்பாட்டைப் பகிர்ந்துகொள்ளலாம். விலை வீழ்ந்தாலும் கடன் மிஞ்சாதபடி உரச்செலவைத் தேவையான அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

பறிப்பு முடிந்த பின்

பூ ஓய்ந்ததும் செடியைப் பிடுங்கி வரப்பில் போட்டு எரிப்பது வீண். நோயில்லாத செடிகளைப் பச்சையாக இருக்கும்போதே துண்டாக்கி மடக்கி உழுதால், எடுத்த சத்தில் ஒரு பகுதி மண்ணுக்கே திரும்பும். செண்டுமல்லி வேரிலிருந்து கசியும் பொருள் நூற்புழுக்களை மட்டுப்படுத்தும். ஆகையால் இதையடுத்துத் தக்காளி, கத்தரி, மிளகாய் பயிரிடுவது நல்ல பயிர்ச் சுழற்சியாகும்.

இவ்வளவுக்குப் பிறகும் 'யூரியா குறைத்தால் பூ குறையாதா' என்ற ஐயம் எழுவது இயல்பே. சொந்த வயலிலேயே அதைச் சோதித்துப் பார்க்கலாம். நான்கு பார்களுக்கு மட்டும் மேலே சொன்ன அளவிலும், அடுத்த நான்கு பார்களுக்கு வழக்கமான அளவிலும் உரமிட்டு, முதல் பறிப்பு எந்த நாளில் வந்தது, ஒவ்வொரு பறிப்பிலும் எத்தனை கிலோ கிடைத்தது, மருந்துக்கு எவ்வளவு செலவாயிற்று என்று ஒரு நோட்டில் எழுதி வரவேண்டும். செடியின் உயரத்தை எழுதத் தேவையில்லை. சந்தையில் தராசில் ஏறுவது பூ மட்டுமே. அடுத்த பட்டத்துக்கு எவ்வளவு உரம் வாங்குவது என்பதை அந்த நோட்டைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.